பேரைச் சொல்லாத விருது

பஸ்ஸு ஆடுது, பாத்து உக்காருங்க சார். சீட்டுல கிடக்கற என் பையை எங்கிட்டக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். கனமெல்லாம் இல்ல, உள்ள ஒரு சால்வைதான். பொன்னாடைம்பாங்கள்ல, அது. பாக்கெட்டுகூடப் பிரிக்கல. ஒரு மேடத்துக்குப் போர்த்தணும்னு காலையில திருச்சிக்குக் கொண்டு போனேன். போன மாதிரியே திரும்பி வருது.

கையால தள்ளிவிட்டாங்க சார். டீக்கடை முன்னாடி, நாலு பேர் பாக்க. "அண்ணே, இனிமே யாருக்கும் எதையும் போர்த்தாதீங்க"ன்னாங்க. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நான் மைக்செட்டு, பந்தல் தொழில் பண்றவன். மைக்செட்டு பரமன்னு எங்க ஊர்ல கேட்டா சின்னப் புள்ளகூட வீட்டைக் காட்டும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு எத்தனை மேடை போட்டிருப்பேன்! சால்வை வேணாம்னு சொன்ன மனுஷரை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

அந்த மேடம் யாருன்னா, வசுமதி மேடம். நன்னடத்தை அலுவலர். அப்படி ஒரு வேலை இருக்கறதே எனக்கு முன்ன தெரியாது. கோர்ட்ல ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பாம, பாண்டு எழுதி வாங்கிக்கிட்டு, போயி ஒழுங்கா இருன்னு விட்டுடறாங்கன்னு வைங்க. அவன் ஒழுங்கா இருக்கானான்னு பாத்துக்கற ஆபீசர். போலீசு மாதிரி அதட்ட மாட்டாங்க. வீட்டுக்கு வருவாங்க, உக்காருவாங்க, சாப்பிட்டியா, வேலைக்குப் போறியான்னு கேப்பாங்க.

பையன் யாருன்னு கேக்கறீங்க. நம்ம பையன்தான் சார், வேற யாரு. என் அக்கா பொன்னுத்தாய் மகன், யோகேஷ். மாமா செத்து ரொம்ப வருஷமாச்சு. அவனை ஆளாக்கினது பூரா நான்தான்னு வைங்க. நல்ல பய. சீரியல் லைட்டு கட்டச் சொன்னா மயில் என்ன, தேர் என்ன, அப்படியே கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்துவான். நடுவுல சேர்க்கை சரியில்ல. குளத்துக்கரையில உக்காந்து கஞ்சா அடிச்சவனை போலீசு அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ஜட்ஜு அய்யா வயசைப் பாத்தாரு, மொத தப்புங்கறதைப் பாத்தாரு, பாண்டுல விட்டாரு. ஒரு வருஷம் ஒழுங்கா இருக்கணும். மாசாமாசம் மேடத்தைப் பாக்கணும். எழுத்துல பர்மிஷன் இல்லாம வெளியூர் போயித் தங்கக் கூடாது. மீறினா பாண்டு ரத்து, நேரா ஜெயிலு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். ஊரைவிட்டு அவன் எங்க போகப் போறான், நம்மகூடத்தானே இருக்கப் போறான்னு நெனைச்சேன்.

மேடம் மொத தடவை வீட்டுக்கு வந்தப்ப உக்கார நல்ல சேர் இல்ல. வாடகைக்கு விடற சேரெல்லாம் ஒரு வளைகாப்புக்குப் போயிருச்சு. ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல துண்டைப் போட்டேன், அதுல உக்காந்தாங்க. அக்கா குடுத்த மோரை வாங்கிக் குடிச்சாங்க. எங்க தெருவுல அப்பல்லாம் எங்க வீட்டுத் தண்ணியைக்கூட எவனும் வாங்கிக் குடிக்க மாட்டான், கஞ்சாக்காரன் வீடுன்னு பேரு. மேடம் வர வர யோகேசு மாறிட்டான். மேடம்னு கூப்பிட்டவன் அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சான். குளத்துக்கரைப் பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்ல.

அப்ப ஒருநாள் அவனே மேடத்துகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிட்டான். அவங்க கேக்கக்கூட இல்ல சார், இவனாத்தான் சொன்னான். எங்க ஊர்ல சில்வர் ராசுன்னு ஒருத்தன் பாத்திரக்கடை வச்சிருந்தான். பெரிய கடை. பின்னாடி குடோன். அந்தக் குடோன்ல குக்கர் பெட்டிக்குள்ள குக்கர் இருக்காது, பொட்டலம் பொட்டலமா கஞ்சா இருக்கும். யோகேசு முன்ன அங்க போயி வாங்கினவன், அவனுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு அந்தப் பக்கமா ட்யூப்லைட் ஏத்திக்கிட்டு வந்திருக்கான், பின்வாசல்ல பள்ளிக்கூட யூனிஃபார்மோட ரெண்டு பயலுக நிக்கறதைப் பாத்திருக்கான். அதுக்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கல.

மேடம் போலீசுல பெரிய அதிகாரிகிட்டப் பேசி, எந்த நாளு வண்டி வரும், எந்தப் பெட்டி எங்க இறங்கும்னு யோகேசு சொன்னதையெல்லாம் எடுத்துக் குடுத்து, கடைசியில குடோனை வளைச்சுப் பிடிச்சாங்க. ராசு உள்ள போனான். மேடம் எங்க வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிட்டு, "இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கணும். யாருகிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது"ன்னாங்க. என்னைப் பாத்துத்தான் சொன்னாங்க. சத்தியம் பண்ணினேன். நான் வாயே திறக்கல சார். அந்த சாமிக்குப் பொதுவாச் சொல்றேன், ஒருத்தர்கிட்டயும் திறக்கல.

ராசு ஆளுங்க யாரைச் சந்தேகப்பட்டாங்க தெரியுமா? ஒரு லாரி டிரைவரை. அவரைப் புடிச்சு அடிச்சதுல, அவரு வேற ஊருக்கே போயிட்டாரு. யோகேசுன்னு ஒருத்தன் இருக்கறதே எவனுக்கும் நெனைப்பில்ல. இவ்வளவு பெரிய காரியம் பண்ணவன், தெருவுல நடந்தா அதே கஞ்சாக்காரன்தான். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க.

அப்பறம் சுதந்திர தினம் வந்துச்சு. மைதானத்துல மைக்செட்டு அந்த வருஷம் எனக்குக் கெடைச்சது. கலெக்டர் கொடி ஏத்தினாரு, நல்லா வேலை பாத்த அதிகாரிங்களுக்கெல்லாம் விருது. "போதைப்பொருள் கடத்தலைக் கண்டறிய காவல்துறைக்கு உதவிய நன்னடத்தை அலுவலர் திருமதி வசுமதி"ன்னு என் மைக்குல, என் பெட்டியில கணீர்னு கேக்குது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. யோகேசு ஒயர் சுத்திக்கிட்டு எம் பக்கத்துலதான் நிக்கறான். அடுத்து இவன் பேரைச் சொல்லுவாங்க, சொல்லுவாங்கன்னு வால்யூமைக் கூட்டி வச்சுக்கிட்டு நிக்கறேன். சொல்லல சார். அடுத்து கால்நடைத் துறையில ஒருத்தரைக் கூப்பிட்டாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. அவன் பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டே கை தட்டறான். "மாமா, அக்கா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க"ங்கறான். இப்படி ஒரு வெள்ளந்தி.

அதான் ஒரு பேனர் வச்சேன்.

தப்பா சார்? எங்க ஊர்ல எதுக்குத்தான் பேனர் இல்ல? காதுகுத்துக்கு இருக்கு, கண்ணீர் அஞ்சலிக்கு இருக்கு, ஒருத்தன் கல்யாணத்துக்கு அவன் கூட்டாளிங்க ஆள் உயரத்துக்கு வைக்கறானுங்க. நம்ம வீட்டுப் பையன் ஒரு நல்லது பண்ணிருக்கான், அதுக்கு வைக்கக் கூடாதா? பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல, தேர் முக்குல, எல்லாரும் பாக்கற மாதிரி கட்டினேன். மேடம் படம் நடுவுல பெருசா, கலெக்டர்கிட்ட வாங்கற மாதிரி. "போதை அரக்கனை வேரறுத்து, மாவட்ட ஆட்சியர் திருக்கரத்தால் விருது பெற்ற வீரமங்கை வசுமதி அம்மா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்." கீழ வட்டத்துக்குள்ள யோகேசு படம், கூலிங்கிளாஸ் போட்டது. "இச்சாதனைக்கு உறுதுணையாக நின்ற எங்கள் தங்கம் யோகேஷ்." அவ்வளவுதான். அதுல ராசு பேரு இருக்கா? குக்கர்னு ஒரு வார்த்தை இருக்கா? உறுதுணைன்னா ஆயிரம் உதவி இருக்கும். நானா வாயைத் திறந்தேன்?

யோகேசு அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் ரோட்டுலயே நின்னான். வீட்டுக்கு வந்து, "மாமா, அதை எடுத்துருங்க மாமா"ன்னான். கூச்சப்படறான்னு நெனைச்சேன். மேடம் போன் பண்ணி, "அண்ணே, இந்த நிமிஷமே கழட்டுங்க"ன்னாங்க. பெரிய மனுஷங்க சார், அடக்கமா இருப்பாங்க. "கோயில் நோம்பி சாட்டியிருக்கு மேடம், தேர் ஓடட்டும், கழட்டிடறேன்"னேன். அந்தம்மாவுக்கு என்ன அவசரமோ, போலீசை அனுப்பிட்டாங்க. ஜீப்பு வந்து நின்னு, ரெண்டு கான்ஸ்டபிள் ஏறி, கத்தியால கயித்தை அறுத்து இழுத்துப் போட்டாங்க. அதுவரைக்கும் பாதிப் பேர் அதை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. ஜீப்பைப் பாத்ததும் தெருவே கூடிருச்சு. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு, எதுக்குக் கழட்டறாங்கன்னு என்கிட்ட வந்து கேக்கறாங்க. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா நல்லாருக்குமா? சொன்னேன். நீங்களே சொல்லுங்க, தப்பு யாருது?

அந்தத் தேரோட்டத்துலதான் அடுத்தது நடந்துச்சு. மேடை போட்டு, ஆடல் பாடல் நடந்துக்கிட்டிருக்கு. மைக்கு எங்கிட்ட. ராசுவோட தம்பி கண்ணாயிரம் ஆளுங்களோட வர்றான், கையில சால்வை. எனக்கே ஆச்சரியம். நேரா யோகேசுகிட்டப் போயி, சிரிச்சுக்கிட்டே, "உறுதுணையா நின்ன தம்பி நீதானா?"ன்னு கேட்டு, பொன்னாடையைப் போர்த்தி, கட்டிப் பிடிச்சு, காதுல என்னமோ சொன்னான். பகையை மறந்துட்டான், பெரிய மனசுக்காரன்னு எனக்குத் தோணுச்சு. நானே மைக்குல சொன்னேன் சார்: "கண்ணாயிரம் அண்ணன் அவர்கள் தம்பி யோகேசுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறார், பலத்த கரவொலி!" ஜனம் கை தட்டுச்சு. யோகேசு மட்டும் வெளிறிப்போயி, சால்வையை எடுத்துப் போடக்கூடத் தெம்பில்லாம நின்னான்.

காதுல கண்ணாயிரம் என்ன சொன்னான்னு யோகேசு இன்னைய வரைக்கும் எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கறான். அவன் அம்மாகிட்டச் சொல்லிருக்கான் போல. அன்னையில இருந்து எங்க அக்கா எங்கிட்டப் பேசறதில்ல. தட்டுல சோறு வைக்கறா, பேச மாட்டேங்கறா. நான் என்ன பண்ணினேன்?

தேரோட்டத்துக்கு மறுநாள் விடிஞ்சு பாத்தா யோகேசு பைக்கு எரிஞ்சு கிடக்கு. ஸ்டேஷனுக்குப் போனேன். யார் மேல சந்தேகம்னாங்க, சொன்னேன். பாத்தியான்னாங்க, பாக்கலன்னேன். எழுதி வாங்கிக்கிட்டு, "அந்த பேனரை வச்ச ஆளு யாரு?"ன்னு ஏட்டய்யா கேட்டாரு. நான்தான்னேன். பக்கத்துல இருந்தவரைப் பாத்து தலையை ஆட்டினாரு. பைக்கு எரிஞ்சதுக்கும் பேனருக்கும் என்ன சார் சம்பந்தம்?

அப்பறம் ஒருநாள், ஒரு கல்யாண மண்டபத்துல ஏணி மேல நின்னு லைட்டு கட்டிக்கிட்டிருந்தான். ஏணியைத் தள்ளி விட்டுட்டாங்க. கை முறிஞ்சிருச்சு. யாரு தள்ளினதுன்னு ஒருத்தரும் பாக்கலையாம், அவ்வளவு கூட்டத்துல. இப்ப மாவுக்கட்டோட வீட்டுல கிடக்கான். அக்கா அவனை உள்ள வச்சு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுட்டு, பக்கத்து வீட்டுல போயி உக்காந்துக்கறா, ஆளு இல்லாத வீடு மாதிரி தெரியட்டும்னு. சின்னப் பயலுக ஜன்னல்ல கல்லெறிஞ்சு, "உறுதுணை, உறுதுணை"ன்னு கத்திட்டு ஓடறானுங்க.

எங்கயாச்சும் அனுப்பிடுவோம்னு பாத்தா, அனுப்ப முடியல சார். அங்கதான் சிக்கல். திருப்பூர்ல என் மச்சினிச்சி இருக்கா, பனியன் கம்பெனியில சேத்துவிட்டா எவனுக்குத் தெரியும்? ஆனா பர்மிஷன் இல்லாமப் போனா பாண்டு ரத்து. ரத்தாச்சுன்னா ஜெயிலு. ஜெயில்ல யாரு இருக்கா? ராசு இருக்கான். இங்க இருந்தா கண்ணாயிரம், உள்ள போனா ராசு. பயலை எங்க கொண்டுபோயி வைக்கறது, சொல்லுங்க.

சரி, மேடத்துகிட்டப் பர்மிஷன் வாங்கிடலாம்னா, விருது வாங்கின கையோட மேடத்துக்குப் பிரமோஷன் குடுத்து திருச்சிக்கு மாத்திட்டாங்க. அந்த சீட்டுக்குப் புதுசா யாரும் வரல. பக்கத்து மாவட்டத்து ஆபீசர் ஒருத்தர் கூடுதல் பொறுப்பா வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றாரு. அவரைப் போயிப் பாத்தேன். "இந்தப் பையனை நான் பாத்ததே இல்லையே, எப்படி ரிப்போர்ட் குடுக்கறது? கோர்ட்ல மனு போடுங்க"ங்கறாரு. வக்கீலைப் பாத்தா, வாய்தா ஆயுத பூஜைக்கு அப்பறம்தானாம்.

அதான் இன்னைக்கு திருச்சிக்கே போயிட்டேன். மேடம் பாவம், மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்தாங்க. எதுத்த டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி, எல்லாத்தையும் கேட்டாங்க. கை முறிஞ்சதைச் சொன்னப்ப எந்தக் கைன்னு கேட்டாங்க. சோத்துக்கைன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க. என் முன்னாடியே அந்த வியாழக்கிழமை ஆபீசருக்குப் போன் பண்ணாங்க. எடுக்கல. மறுபடி பண்ணாங்க. எடுத்து, "நீங்க இப்ப அந்த சீட்ல இல்லையே மேடம்"னாரு. எனக்கே கேட்டுச்சு. அவங்க கெஞ்சறாங்க சார். கலெக்டர் கையால விருது வாங்கினவங்க, ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, "சார், ப்ளீஸ் சார், என்னை நம்பித்தான் சார் அந்தப் பையன் சொன்னான்"னு கெஞ்சறாங்க. அவரு வச்சிட்டாரு.

"பேசாம ராத்திரியோட ராத்திரியா திருப்பூருக்கு ஏத்திவிட்டுரட்டுமா மேடம்?"னேன். "வேணாம்ணே. பாண்டை மீறிட்டான்னு ஒரு மொட்டைக் கடுதாசி போதும். அதுக்குத்தான் அவனுங்க காத்துக்கிட்டிருப்பானுங்க"ன்னாங்க. அப்ப என்ன பண்றதுன்னேன். வாய்தா வரைக்கும் வீட்டைவிட்டு வெளிய வராம இருக்கட்டும், ஸ்டேஷன்ல நான் சொல்லி வைக்கறேன்னாங்க. டீ ஆறிப்போயி ஆடை கட்டிருச்சு, ஒரு வாய்கூடக் குடிக்கல.

மனசு ஒடிஞ்சு உக்காந்திருக்காங்களே, ஒரு மரியாதை பண்ணினா ஆறுதலா இருக்கும்னுதான் சார் சால்வையை எடுத்தேன். அதுக்குத்தான் அப்படித் தள்ளிவிட்டாங்க. "போங்கண்ணே, போயி அவன்கூட இருங்க"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

இருங்க சார், போன் அடிக்குது. யோகேசுதான். காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான், நான் எடுக்கல. என்னத்தைச் சொல்றது? நல்ல சேதியோட வர்றேன்னு சொல்லிட்டுல்ல கிளம்பினேன்.

ஹலோ. ஆமாடா, பஸ்ஸுலதான் வர்றேன். பாத்தேன், பாத்தேன். மேடம் எல்லாம் பேசிட்டாங்க, நல்லபடியாத்தான்... என்னடா? சத்தமாப் பேசுடா, கேக்கல. யாரு? வாசல்லயா? உங்கம்மா எங்க? சரி, நீ ஜன்னல்கிட்டப் போகாத. டேய், நான் சொல்றதைக் கேளு, மேடம் சொல்லிட்டாங்கடா, ஒன்னும் ஆகாது. பொய் இல்லடா. மாமா எதுக்குடா பொய் சொல்லப்போறேன்?

வாசல்ல ரெண்டு வண்டி நிக்குதாம் சார். பூட்டைப் புடிச்சு ஆட்டிப் பாக்கறாங்களாம். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டானாம், ஆள் வருவாங்கன்னாங்களாம், இன்னும் வரல. இன்னும் எவ்வளவு தூரம் சார் எங்க ஊருக்கு? இப்பத்தான் பாதி வழியே வந்திருக்கோம் இல்ல?

சார், நீங்க கொஞ்சம் பேசுறீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான். மாமா, நீங்க பேசாம இருங்க மாமா, அக்கா என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்கங்கறான். அக்கான்னா மேடம்தான். அவங்க சொன்னதை நான் எப்படி சார் அவன்கிட்டச் சொல்லுவேன்? உங்களைப் பாத்தா படிச்சவரா இருக்கீங்க. மேடம் ஆபீசுல இருந்து பேசறேன், பர்மிஷன் கெடைச்சிருச்சு, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. பொய்தான் சார். தெரியும் சார். அழறான் சார் அவன்.

இந்தாங்க, புடிங்க. லைன்லதான் இருக்கான். மெதுவாப் பேசுங்க சார், வெளிய நிக்கறவங்களுக்குக் கேட்டுரும்.